காய வைத்த மண்

அந்த அக்காவின் கண்ணில் மட்டும் புதுச் செருப்பு படக் கூடாது. பட்டால் தொலைந்தோம். "கழட்டு" என்பார். ஒரு காலைக் கழற்றிக் கொடுத்தே ஆகவேண்டும். அதை வாங்கித் தன் பலகைமேல் வைத்து, பலகையின் ஒரு முனையை மெல்லத் தூக்குவார். செருப்பு சறுக்கி விழுகிறவரை தூக்கிக்கொண்டே போவார். விழுந்ததும், பலகையோரம் ஆணியடித்து வைத்திருந்த பள்ளிக்கூடத்துப் பாகைமானியைக் குனிந்து பார்ப்பார். "பிடி பத்தாது. கடையில குடுத்துட்டு வேற வாங்கு" என்பார். எங்கள் சம்பளத்துக்கு நல்ல செருப்பு வாங்குவதே தீபாவளிக்குத்தான். அதையும் பெயிலாக்கிவிடுவார்.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் நானும் அவரும் ஒன்றாக வேலை பார்த்தோம். இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஊறுகாய் ஜாடி, பியூஸ் கட்டை, பிள்ளையார் பொம்மை எல்லாம் செய்கிற கம்பெனி. நான் பொம்மைகளுக்குப் பளபளப்பு பூசும் பிரிவு. அவர் டெஸ்டிங் ரூம். லாரியில் வந்து இறங்கும் களிமண்ணையும் கல்பொடியையும் சோதித்து, இது ஆகும், இது ஆகாது என்று சொல்வது அவர் வேலை. நிலவியல் படித்தவர். பாறையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சாப்பாட்டு மணி அடித்தது கூடக் காதில் விழாது.

பலகை மட்டும் கம்பெனி வேலை இல்லை. அது அவருடைய சொந்தப் பைத்தியம். கீல் வைத்த இரண்டு பலகைகள், அவ்வளவுதான். பூச்சில்லாத ஓடு இரண்டை எடுத்துக்கொள்வார். நடுவில் ஏதாவது ஒரு பொடியைத் தூவுவார். பலகைமேல் வைத்துத் தூக்குவார். எந்தப் பொடி எவ்வளவு சாய்வு வரைக்கும் ஓட்டை விடாமல் பிடித்துக்கொள்கிறது என்று பார்ப்பார். குவார்ட்ஸ், பெல்ஸ்பார் மாதிரி கடினமான கல்லின் பொடி போட்டால் பலகை பாதிக்கு மேல் நிமிர்ந்தாலும் ஓடு நகராது. டால்க் போட்டால், அதுதான் முகத்துக்குப் போடுகிற பவுடரில் இருக்கிற கல், பலகை எழும்பத் தொடங்கும்போதே ஓடு வழுக்கிக்கொண்டு போய்விடும்.

"குவார்ட்ஸும் பெல்ஸ்பாரும் சண்டக்காரங்க. ஒருத்தன் சட்டைய ஒருத்தன் வுட மாட்டான்" என்பார். "டால்க் இருக்குதே, அது சீட்டுக்கட்டு. மேல இருக்குறத லேசா தள்ளுனா போதும், போய்க்கினே இருக்கும்."

"அதத் தெரிஞ்சிக்கிட்டு நாம என்னக்கா பண்ணப் போறோம்?"

"மல எதனால நிக்குது, எதனால சரியுதுன்னு தெரிய வேணாமா உனக்கு? பூமியில பெரிய பெரிய பாறையெல்லாம் வெடிச்சு ஒண்ணு மேல ஒண்ணு நகந்திருக்குது. நகரும்போது நடுவுல மாவா அரைபட்டுப் போயிருக்கும். அந்த மாவு எந்தக் கல்லோட மாவுங்கிறதுலதான் எல்லாமே இருக்குது. நல்ல மாவா இருந்தா பாறைய நிறுத்திப் பிடிக்கும். கெட்ட மாவா இருந்தா ஒரு நாளைக்கு வுட்டுடும்."

விருத்தாசலத்தில் மலை ஏது என்று கேட்க நினைப்பேன். கேட்டால் சாப்பாட்டு நேரம் முழுக்கப் போய்விடும் என்று டிபன் பாக்ஸைத் திறந்துவிடுவேன்.

அவருக்குப் பிடி என்கிற சொல் ஒன்று போதும். கம்பெனிக்குப் புது மேனேஜர் வந்தபோது, "ஆளு எப்படிக்கா?" என்று கேட்டோம். "பேச்சு ஜோரா இருக்குது. பிடி இல்ல" என்றார். ஆறே மாதத்தில் அந்த ஆள் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனார். ஒரு தடவை சேத்தியாத்தோப்பிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை உள்ளே உட்கார்ந்து கேசரி சாப்பிடும்போது இவர் வாசலுக்குப் போய் அவர் செருப்பைத் திருப்பிப் பார்த்திருக்கிறார். குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்ததாம். "நடையே சாயுது, இவரு எங்க என்னப் பிடிச்சு நிறுத்துறது?" என்று வேண்டாம் என்றுவிட்டார். அதற்கப்புறம் யாரும் வரவில்லை. நாங்கள் கேலி செய்தால் எங்களைவிடச் சத்தமாகச் சிரிப்பார். தான் பிடித்த பிடியை மட்டும் விடமாட்டார்.

அவருக்கென்று இருந்தது ஒரு தம்பி. எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிற மங்களூர் பக்கம் ஒரு கிராமத்தில் பெண்டாட்டியோடு விவசாயம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா அம்மா போனபிறகு அக்காதான் அவரைப் படிக்கவைத்து, கல்யாணம் செய்து வைத்து, நிலத்தில் நிற்க வைத்தது. மாதம் ஒருமுறை எங்கள் கம்பெனி வாசலில் வந்து நிற்பார். கையில் வேர்க்கடலையோ மக்காச்சோளமோ இருக்கும். அக்காவைப் பார்த்ததும், "பலக எப்படி இருக்குது?" என்றுதான் முதலில் கேட்பார். அக்கா எப்படி இருக்கிறார் என்பது அப்புறம்.

மழை பொய்த்துக்கொண்டே போன வருஷங்கள் அவை. அவர் கிணறு அடிவரை காய்ந்துபோனது. அந்தப் பக்கமெல்லாம் பாறைக் கிணறு. வெடி வைத்து இன்னும் ஆழப்படுத்தினால் தண்ணீர் வரும் என்றார்கள். ஆனால் கிணற்றின் மேற்குச் சுவரில் ஒரு சங்கடம் இருந்தது. பாறையை இரண்டாகப் பிரிப்பதுபோல ஒரு வெள்ளைப் பட்டை, மேலிருந்து கிணற்றைப் பார்த்துச் சாய்ந்து இறங்கியது. அதற்கு மேலே ஒரு வீடளவு பாறை உட்கார்ந்திருந்தது. அடியில் வெட்டும்போது அந்தப் பாறை பட்டையில் வழுக்கி உள்ளே வந்துவிட்டால்? கிணற்றை வெட்டாவிட்டால் அந்த வருஷம் வெள்ளாமை இல்லை. வெட்டினால் உயிருக்குப் பயம். தம்பி யார் பேச்சையும் கேட்கவில்லை. "எங்க அக்கா பலகையில வெச்சுச் சொல்லட்டும். அப்பறந்தான் கெணத்துல கால் வெப்பேன்" என்று ஒற்றைக்காலில் நின்றார்.

அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, பாகைமானி வைத்து, பட்டையின் சாய்வை எடுத்து வந்தார். அந்தப் பட்டையின் மண்ணைத் தோண்டி எடுத்துக் காய வைத்துக் கொண்டுவரும்படி தம்பியிடம் சொல்லியிருந்தார்.

காய வைத்து. இந்த இடத்தில் எங்கள் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். எங்கள் ஊரில் ஈரம் என்றால் ஏமாற்று. களிமண் கொண்டுவருகிற லாரிக்காரர்கள் வழியிலேயே தண்ணீர் அடித்து எடை ஏற்றுவார்கள். அதனால் எந்த மண் வந்தாலும் அதில் ஒரு கை எடுத்து முதலில் சுடுபெட்டியில் வைத்து ஈரம் போகக் காயவைப்பார்கள். பிறகு அரைப்பார்கள். பிறகு சலிப்பார்கள். அதற்குப் பிறகுதான் சோதனை. இது டெஸ்டிங் ரூமில் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுப்பது. வருஷக்கணக்கில் செய்து செய்து, சாமி கும்பிடும்முன் கை கழுவுவதுபோல ஆகிவிட்ட காரியம். யாரும் யோசித்துச் செய்வதில்லை.

தம்பி மண்ணைக் கொண்டுவந்த நாளில் நானும் அங்கே இருந்தேன். மஞ்சள் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"உன் தம்பி பொண்டாட்டிதான் முறத்துல கொட்டி, ரெண்டு நாளா காக்கா ஓட்டிக் காய வெச்சா. வடாம் போட்டாக்கூட இந்தப் பாடு பட மாட்டா" என்று சிரித்தார்.

அக்கா அதையும் நம்பாமல் சுடுபெட்டியில் இன்னொரு தடவை காயவைத்தார். அரைத்தார், சலித்தார். ஓடுகளுக்கு நடுவே தூவிப் பலகையைத் தூக்கினார். ஓடு நகரவில்லை. இன்னும் தூக்கினார். நகரவில்லை. பட்டையின் சாய்வைத் தாண்டி வெகுதூரம் போனபிறகுதான் அசைந்தது. மறுபடி செய்தார். மறுபடியும் அதேதான். நாங்கள் நாலைந்து பேர் கூடிநின்று கைதட்டினோம். எனக்கு இப்போது நினைத்தாலும் அந்தக் கைதட்டல் காதில் அருவருப்பாகக் கேட்கிறது.

"தாங்கும்" என்றார் அக்கா.

"தாங்குமா?"

"தாங்கும்டா. நல்ல பிடி இருக்குது. வெட்டு."

கோடையில் கிரேன் வைத்து வெட்டினார்கள். வெடி வைத்தார்கள். மேற்குச் சுவர் ஒரு சில்லுகூட உதிரவில்லை. தம்பி ஊரெல்லாம் அக்காவின் பலகையைப் பற்றிப் பெருமை அடித்தாராம். எங்கள் முதலாளிகூட வந்து, "நம்ம டெஸ்டிங் ரூம் பேரு மங்களூர் வரைக்கும் போயிடுச்சே" என்றார். அக்காவுக்கு வாயெல்லாம் பல். அவரை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்தது அதுதான் கடைசி.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. எத்தனையோ வருஷம் கழித்து, விட்டு விட்டுப் பெய்யாமல் அடித்துப் பெய்தது. தம்பியின் கிணற்றில் ஊற்று கண்டது. எங்கிருந்து தெரியுமா? அந்த வெள்ளைப் பட்டையிலிருந்து. பட்டை நெடுகத் தண்ணீர் கசிந்து வழிந்ததைப் பார்த்துவிட்டு, பெண்டாட்டியைக் கூப்பிட்டு, "பாருடி, ஊத்து வருது பாரு" என்று கத்தினாராம். தண்ணீர் ஏறினால் மோட்டார் முழுகிவிடும், மேலே ஏற்றிவைத்துவிட்டு வருகிறேன் என்று உள்ளே இறங்கியிருக்கிறார். அந்தப் பெண் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பாறை விழவில்லையாம். உட்கார்ந்த வாக்கில் அப்படியே வழுக்கி வந்ததாம். அதைத்தான் அவள் எல்லோரிடமும் சொன்னாள். "சத்தமே இல்லங்க. வழுக்கிக்கிட்டு வந்துச்சு."

துக்கத்துக்கு நாங்கள் வேன் வைத்துப் போனோம். அக்கா அழவில்லை. ஒவ்வொருவராக வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே சொல்லைச் சொன்னார்கள். விதி. பெரியவர்கள் சொன்னார்கள், சின்னவர்கள் சொன்னார்கள், வேனில் எங்களோடு வந்தவர்களும் சொன்னார்கள். யார் சொன்னாலும் அக்கா கையை உருவிக்கொண்டார். தம்பி பெண்டாட்டி மட்டும் அவர் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். அவளும் அதையேதான் சொன்னாள். "நீங்க எவ்ளோ பாத்துப் பாத்துச் சொன்னீங்க அண்ணி. அதையும் மீறி விதி இழுத்துக்கினு போயிடுச்சு." அக்காவால் அவள் தலையைத் தள்ளவும் முடியவில்லை.

காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பியவர் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. நேராகப் போய் அந்த மண் மிச்சமிருந்த டப்பாவைத் திறந்தார். ஓட்டின்மேல் தூவினார். டம்ளர் தண்ணீரில் விரலை விட்டு அதன்மேல் உதறினார். மறு ஓட்டை வைத்துப் பலகையைத் தூக்கினார். அதைத் தூக்கினார் என்றே சொல்ல முடியாது. தொட்டார், ஓடு போய்விட்டது.

அவர் ஓட்டை எடுத்துத் திரும்ப வைத்தார். திரும்பப் போனது. அன்று முழுக்க அதையே செய்துகொண்டிருந்தார். சாப்பிடக் கூப்பிட்டேன். வரவில்லை.

"அக்கா, போதும்க்கா."

"இதுவும் சீட்டுக்கட்டுதான். களிமண்ணு. தாள் தாளா இருக்கும். காஞ்சா ஒண்ண ஒண்ணு கெட்டியாப் பிடிச்சிக்கும். நடுவுல தண்ணி பூந்தா வுட்டுடும். எனக்குத் தெரியும். இது நான் படிச்சதுதான்."

அவருக்குத் தெரியும் என்பதுதான் தாங்க முடியாதது. எங்கள் கம்பெனியில் பொம்மை வார்க்கிற கொட்டகைக்குள் போனால் தரையெல்லாம் ஸ்லிப்பு கிடக்கும். களிமண்ணைத் தண்ணீரில் கரைத்த கூழுக்கு எங்கள் ஊரில் அதுதான் பேர். அதை அச்சில் ஊற்றித்தான் பொம்மை எடுப்போம். ஒருநாள் அந்தத் தரையில் அக்காவே வழுக்கி உட்கார்ந்திருக்கிறார். எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு, "பேரே ஸ்லிப்புன்னு வெச்சிருக்கானுங்க, நாமதான் பாத்து நடக்கணும்" என்று சொல்லிச் சிரித்திருக்கிறார். ஊரே தொட்டி தொட்டியாக ஈரக் களிமண்ணைக் கலக்கி ஊற்றிக்கொண்டிருந்தது. டெஸ்டிங் ரூமுக்குள் வந்தால் மட்டும் அதைக் காயவைக்காமல் தொடமாட்டோம்.

"நான்தான் கொன்னேன்னு ஒருத்தராவது சொல்லுங்களேன்" என்று ஒருநாள் கேட்டார். "ஏன் எல்லாரும் விதின்னே சொல்றீங்க? கல்லுக்கு ஏது விதி? அது காரணமில்லாம நகருமா?"

எனக்கு விதி என்கிற சொல் எப்போதுமே ஆகாது. ஆனால் அவர் கேட்டதைச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. யாருக்குத்தான் வரும்?

அதற்கப்புறம் அவர் எதையும் காய்ந்ததாகப் பார்க்கவில்லை. செருப்பை வாங்கினால் தண்ணீர் ஊற்றினார். கல்பொடி வந்தால் தண்ணீர் ஊற்றினார். நல்ல மணலும் நல்ல பெல்ஸ்பாரும் ஈரத்திலும் கொஞ்சம் பிடிக்கத்தான் செய்யும். இருந்தாலும் "பிடி இருக்குது" என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரவே இல்லை. "தெரியல" என்றார். "சொல்ல முடியாது" என்றார். டெஸ்டிங் ரூமில் இருப்பவர் சொல்ல முடியாது என்றால் லாரி வாசலிலேயே நிற்கும். முதலாளி பொறுத்துப் பார்த்தார். கடைசியில், "கொஞ்ச நாள் வூட்டுல ரெஸ்ட் எடுங்கம்மா" என்றார். நல்ல மனுஷன்தான், வேறு என்ன செய்வார்? அக்கா பலகையை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

ஊருக்குள்ளேயே பாலக்கரைப் பக்கம் ஒரு போர்ஷனில் தனியாக இருந்தார். வாரத்தில் ஒருநாள் போய்ப் பார்ப்பேன். பேசுவதற்கு ஒன்றும் இருக்காது. நான் கம்பெனிக் கதைகளைச் சொல்வேன், அவர் கேட்காமல் கேட்டுக்கொண்டிருப்பார். வாசல் படியில் எப்போது பார்த்தாலும் தண்ணீர் ஊற்றி ஈரமாக இருக்கும். ஏறும்போது, "பாத்து வா, வழுக்கும்" என்பார். ஏன் ஊற்றினீர்கள் என்று கேட்கத் தோன்றும். கேட்டதில்லை.

அடுத்த கோடையில் ஒருநாள் நான் அங்கே இருந்தபோது தம்பி பெண்டாட்டி வந்தாள். மங்களூர் பஸ்ஸைப் பிடித்து வெயிலில் வந்திருந்தாள். தோளில் அதே மஞ்சள் பை. உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு ஊர்க்கதை சொன்னாள். பாறை சரிந்ததில் கிணறு பாதி மூடிப்போனதாம். அவள் அண்ணன் அதை எடுத்துவிட்டுத் தொடர்ந்து வெட்டலாம் என்கிறாராம். இல்லாவிட்டால் நிலத்தை விட்டுவிட்டுத் திருப்பூருக்குப் போகவேண்டியதுதான் என்றாள்.

"எங்க அண்ணன் இன்னிக்கே ஆள் வுடுறேங்குது அண்ணி. நான்தான் வேணாம்னேன். அண்ணி பாத்துச் சொல்லாம ஒருத்தரையும் எறக்க மாட்டேன்னுட்டேன். அவரும் அப்படித்தான இருந்தாரு?"

பைக்குள் கைவிட்டு ஒரு பொட்டலத்தை எடுத்து அக்காவின் கையில் வைத்தாள்.

"கிழக்குச் செவுத்துலயும் அதே மாதிரி வெள்ளையா ஒண்ணு ஓடுது. அந்த மண்ணுதான். போன தடவ காய வெச்சுக் கொண்டாரச் சொன்னீங்க இல்ல? அதான் நல்லா மொறுமொறுன்னு காய வெச்சு, சலிச்சே கொண்டாந்துட்டேன். உங்களுக்கு வேல மிச்சம்."

அக்கா பொட்டலத்தைப் பிரித்தார். மாவு மாதிரி இருந்தது. எவ்வளவு பொறுமையாகச் சலித்திருக்கிறாள். அக்கா அதைக் கொஞ்சம் உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு, அவள் குடித்து வைத்திருந்த சொம்பிலிருந்து தண்ணீரை அதன்மேல் சாய்த்தார். விரல்களுக்கு நடுவே வெள்ளையாக வழிந்து பாயில் சொட்டியது.

"வெட்ட வேணாம்மா. இது நிக்காது" என்றார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். இத்தனை நாளும் யாரிடமும் சொல்ல முடியாததை, கேட்பதற்கு உரிமை உள்ள ஒரே ஆளிடம் சொல்கிற வேகம் அதில் இருந்தது. "போன தடவையும் நின்னிருக்காது. நான்தான் தப்பாப் பாத்தேன். காய வெச்சுப் பாத்தேன். காஞ்ச மண்ணு பிடிக்கும்மா, ஈரமானா வுட்டுடும். பட்டையில இருந்து எடுத்த ஈரத்தோட அப்படியே பாத்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். காய வெச்சதுதான் தப்பு. விதியும் இல்ல ஒண்ணும் இல்ல. காய வெச்சதுதான்."

அந்தப் பெண் அக்கா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். அக்காவும் அதைத்தான் எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார். வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்றுகூடச் சொல்லலாம்.

அவள் குனிந்து தன் கைகளைப் பார்த்தாள்.

"அது ஈரமாத்தான் இருந்துச்சு அண்ணி" என்றாள் மெதுவாக. "தோண்டிக் கொண்டாரும்போது களி மாதிரி கையில ஒட்டுச்சு. நான்தான் முறத்துல போட்டு ரெண்டு நாளு காய வெச்சேன். அப்ப நான் காய வெச்சதாலதானா?"

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். "சொல்லுங்க அண்ணி. நான் காய வெக்காம அப்படியே குடுத்திருந்தா அவரு இருந்திருப்பாரா?"

அக்கா ஈரக்கையை முந்தானையில் துடைத்துவிட்டு அவளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இல்லம்மா" என்றார். "நான் என்னமோ உளறிட்டேன். காய வெச்சா என்ன, வெக்காட்டி என்ன? விதிம்மா. எல்லாம் விதி."

அந்தப் பெண் உடனே நம்பினாள். "அதான் அண்ணி நானும் சொல்றேன். நீங்கதான் போட்டு மனச வருத்திக்கிறீங்க" என்று அக்காவின் கண்ணைத் துடைத்துவிட்டாள். சாயங்காலம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தாள். "போயிட்டு வரேன் அண்ணி" என்று ஈரப் படியில் பார்த்துப் பார்த்து இறங்கினாள். அக்கா வாசல்வரை வரவில்லை. பாயில் சொட்டிய மண் காய்ந்து வெள்ளையாகிக்கொண்டிருந்தது. அதை விரலால் சுரண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.